மினுக்கும் கையும் மினுக்கும் பொறியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நமது ஊர்களில் எந்த ஒழுங்கைக்குட் சென்றாலும் ஒரு காட்சியைத் தவறாமற் காணலாம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் பழந்துணியுமாகத் தமது மோட்டார் வண்டியின் பக்கத்தே குந்தியிருக்கும் குடும்பத் தலைவர் ஒருவர். அவருக்கு உதவி செய்வதாக எண்ணி உபத்திரவம் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். கழுவுதல், துடைத்தல், பின்னர் மினுக்குதல் என்று காலை முழுவதும் கழிந்துவிடும். வண்டியில் ஏறி ஓடித் திரிவதிலும் பார்க்க அதனை மினுக்குவதிலேயே பெரிதும் இன்பங் காண்பவர்களும் நம்மிடையே உளர். அவர்களைக் குறை கூற நாம் வரவில்லை.

அண்மைக் காலத்தில் இக்காட்சியிற் புதிதாக ஒன்று புகுந்திருக்கின்றது. மின்சாரத்தினாற் சுழலும் மினுக்கும் பொறியே அது. முன்னர் வர்ணம் பூசும் கராஜ்களில் மட்டும் இருந்த அப்பொறி இப்பொழுது வீட்டு முற்றத்துக்கும் வந்துவிட்டது. வீட்டில் இல்லாதவர்களுக்கென 'கட் அன்ட் பொலிஷ்' என்று பலகை தொங்கவிட்ட கடைகள் கொழும்பிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உண்டு. ஆகவே, கையினால் மினுக்குவது நன்றோ, பொறியினால் மினுக்குவது நன்றோ என்ற வினாவும் வீடு தேடி வந்துவிட்டது.

நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் இவ்வினா மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையே ஒரு வழக்காகவே எழுந்துவிட்டது. மாமனாரிடம் இருப்பது அவருடைய தகப்பனார் காலத்து மொறிஸ் மைனர். கரும்பச்சை நிறம். மருமகனிடம் இருப்பது பாவித்த நிலையில் இறக்குமதியான யப்பானிய வண்டி. கறுப்பு நிறம். மருமகனார் ஒரு பொறியை வாங்கி வந்து, இரண்டு வண்டிகளையும் ஒரே நாளில் மினுக்கிவிடலாம் என்றார். மாமனார் எழுந்து போய்த் தமது வண்டிக்கும் பொறிக்கும் இடையே நின்றுகொண்டார்.

"தம்பி, பொறிக்கு ஈவிரக்கம் தெரியாது. கை என்றால் போதும் என்ற இடத்தில் நின்றுவிடும்" என்பது அவருடைய வாதம்.

"மாமா, நீங்கள் கையாலே பத்து வருஷம் தேய்த்தாலும் என்னுடைய வண்டியிலே இருக்கிற கீறல் ஒன்றுகூடப் போகாது" என்பது மருமகனாருடைய வாதம்.

வீட்டுப் பெண்கள் இருவரையும் சமாதானப்படுத்தி அலுத்த பின்னர், வழக்கு நம்மிடம் வந்து சேர்ந்தது.

தீர்ப்புக்கு முன்னர், மினுக்குதல் என்றால் என்ன என்பதைத் தெளிவு செய்துகொள்ளுதல் வேண்டும். பேணியிலிருந்து எதையோ எடுத்துத் தடவுகின்றோம், வண்டி பளபளக்கின்றது, ஆகவே வண்டியின் மேல் ஏதோ ஒன்று சேர்ந்திருக்கின்றது என்றே பலரும் கணக்கிடுகின்றனர். அந்தக் கணக்கு நேர்மாறானது. கீறல் என்பது பூச்சிலே விழுந்த சிறு பள்ளம். அப்பள்ளத்தைத் தூர்த்து மேடாக்க வழியில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தாழ்த்துவதே வழி. மினுக்கும் பசையிற் கலந்துள்ள மிக நுண்ணிய தூள், பெரும்பாலும் அலுமினிய ஒட்சைட்டு, இத்தாழ்த்தும் வேலையைச் செய்கின்றது. தச்சன் கையில் இருக்கும் அரத்தாளுக்கு மினுக்கும் பசை தம்பி முறை. மேடுபள்ளமான பரப்பிற் பட்ட ஒளி நாற்புறமும் சிதறும்; மட்டமான பரப்பிற் பட்ட ஒளி ஒழுங்காகத் தெறிக்கும். நாம் பளபளப்பு என்று மகிழ்வது இவ்வொழுங்கான தெறிப்பையே. ஒவ்வொரு தடவை மினுக்கும்போதும் வண்டியின் தோலிற் சிறிது கழிந்து போகின்றது. கழிந்தது மீண்டும் வளர்வதில்லை; மனிதத் தோலுக்கும் வண்டித் தோலுக்கும் உள்ள வேற்றுமை அது.

அந்தத் தோலின் தடிப்பு எவ்வளவு? ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்கிரோமீற்றர் ஆகும். நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர். இக்கால வண்டி ஒன்றிலே தொழிற்சாலையிற் பூசப்பட்ட பூச்சுகள் யாவும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்கிரோமீற்றர் வரையிலேயே இருக்கும். இரும்புத் தகட்டை ஒட்டித் துருப்பிடியாது காக்கும் பூச்சு, அதன்மேல் இடைப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே கராஜ்காரர் 'கிளியர்' என்று சொல்லும் நிறமற்ற பூச்சு. இக்கடைசிப் பூச்சின் தடிப்பு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்கிரோமீற்றர்; அதாவது ஒரு மயிரின் பாதி, அல்லது அதற்குச் சற்றுக் கூட. மினுக்கும் கையோ பொறியோ தொடக்கூடியது இந்த அரை மயிரை மட்டுமே. சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுத்து நிறத்தைக் காக்கும் பொருள்களும் இதற்குள்ளேயே கலக்கப்பட்டிருக்கின்றன. இதிற் பாதியைத் தேய்த்துவிட்டால் வண்டி அன்று கண்ணாடி போல் இருக்கும். சில ஆண்டுகள் சென்றபின் கூரையிலே வெள்ளை வெள்ளையாக உரியத் தொடங்கும். அவ்வாறு உரிந்த பூச்சை எந்தப் பசையும் எந்தப் பொறியும் மீட்கமாட்டா. சுரண்டிவிட்டு மீண்டும் பூசுதலே வழி.

மாமனாருடைய மொறிஸ் மைனரின் கதை வேறு. ஆதியில் மோட்டார் வண்டிகளுக்குக் குதிரை வண்டிகளுக்குப் பூசுவது போலவே எண்ணெய் வர்ணமும் வார்னிசும் பல தடவை பூசினர். ஒரு வண்டி காய்ந்து முடிய வாரக்கணக்கில் எடுக்கும். 1924ஆம் ஆண்டு மாதிரியான ஓக்லண்ட் வண்டிகளில் அமெரிக்காவின் டியூபொன்ட் கம்பெனியாரது 'டியூக்கோ' என்னும் நைத்திரோசெலுலோசுப் பூச்சு வந்த பிறகே வாரங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின. ஆனால் அப்பூச்சு விசிறிக் காய்ந்தவுடன் மங்கலாகவே நிற்கும். அதனைத் தேய்த்தாற்றான் பளபளப்பு ஏறும். மினுக்குதல் வீட்டுக்காரர் பொழுதுபோக்காவதற்கு முன்னரே தொழிற்சாலையில் ஒரு தொழிலாக இருந்தமைக்குக் காரணம் இதுவே. பின்னர் எனாமல் வகைகளும் வந்தன. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட மொறிஸ் மைனரின் காலம் முழுவதும் நிறமும் மேற்பரப்பும் ஒன்றாகவே இருந்த காலம். மேலே தனியாக ஒரு நிறமற்ற பூச்சு அப்பொழுது இல்லை. அது பரவலாகப் பழக்கத்துக்கு வந்தது 1980களிலேதான்.

ஆகையினாற்றான் மாமனார் மினுக்கும்போது அவருடைய துணியிற் பச்சை ஏறுகின்றது. மருமகனார் மினுக்கும்போது துணியிற் கறுப்பு ஏறுவதில்லை. தமது வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்று ஐயுறுவோர் இதனையே ஒரு சோதனையாகக் கொள்ளலாம். கண்ணில் அதிகம் படாத ஓரிடத்திற் சிறிது பசையை வெள்ளைத் துணியில் எடுத்துத் தேய்த்துப் பார்க்க. வண்டியின் நிறம் துணிக்கு வந்தால் அது பழைய முறைப் பூச்சு. வண்டியே வெள்ளையாயின் கறுப்புத் துணியை எடுத்துக்கொள்க.

பழைய முறைப் பூச்சு மென்மையானது. வெயிலிலும் காற்றிலும் அதன் மேற்பரப்பு ஒட்சியேற்றம் அடைந்து, நிறத்தைப் பிடித்து வைத்திருக்கும் பசை சிதைந்து, சுண்ணாம்பு படிந்தது போல வெளிறிவிடும். சிவப்பு வண்டிகள் ரோசா நிறமாவது இதனாலேதான். அவ்வெளிறிய படலத்தை நீக்கக் கை போதும், கையே ஏற்றது. மொறிஸ் மைனரின் வடிவத்தையும் பாருங்கள். உருண்ட மட்கார்டுகள், பொனெற்றின் நடுவே ஓடும் முகடு, முகப்பு விளக்கைச் சுற்றிய வளைவு என்று எங்கும் வளைவு. தட்டையான சுழல்தட்டு இவற்றில் இருப்பு கொள்ளாது; உயர்ந்த இடத்தையே பிடித்துக் கடிக்கும். கைவிரல் வளைவோடு வளைந்து செல்லும். இவ்வளவில் மாமனாருடைய கட்சி வலுவானது.

ஆனால் கைக்கு ஈவிரக்கம் உண்டு என்று அவர் சொன்னதை மட்டும் நாம் முற்றாக ஏற்க இயலவில்லை. அவருடைய வண்டியின் பொனெற் முகட்டிலும், கதவுப் பிடியைச் சுற்றியும், பச்சைக்குக் கீழேயுள்ள சாம்பல் நிறப் பூச்சு தெரிகின்றது. அங்கே எந்தப் பொறியும் தொட்டதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிறுதோறும் அன்போடு தேய்த்த கைகளே அந்த வேலையைச் செய்து முடித்தன. பொறி ஒரு நிமிடத்திற் செய்யக்கூடிய தவறைக் கை இரண்டு தலைமுறைகளாகச் செய்திருக்கின்றது. இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது ஐயாவின் கை" என்று மெல்லச் சொன்னார். அந்தச் சாம்பல் நிறத் திட்டை மூடி வர்ணம் பூச அவர் இன்றுவரை இசையவில்லை. அதற்கு மேல் நாம் வாதாடவும் இல்லை.

இனி மருமகனாருடைய கட்சி. நிறமற்ற மேற்பூச்சு, பழைய பூச்சுகளைப் போலன்றி இரசாயன முறையில் இறுகிப் பிணைந்த கடினமான பூச்சு. அதிலுள்ள கீறலைத் தாழ்த்தப் பசையிலுள்ள தூள் ஆயிரக்கணக்கான தடவைகள் அதன்மீது உராய்தல் வேண்டும். ஒரு மனிதன் ஒரு நொடியில் இரண்டு தடவை கையை முன்னும் பின்னும் ஓட்டலாம். பொறி அதே நொடியிற் பல பத்துத் தடவை ஓடிவிடும். மேலும், பசைகளிற் சில வகைகளில் உள்ள தூள் முதலிற் பருமனாக இருந்து, உராய உராய உடைந்து மென்மையாகும்படி செய்யப்பட்டது. கையின் வேகத்தில் அது உடைவதில்லை. பருமனான தூளாகவே நின்று, பழைய கீறல் போவதற்குப் பதிலாகப் புதிய கீறல்களை எழுதிவிட்டுப் போகும். கையின் அழுத்தமும் சீரானதன்று. ஐந்து விரல்களின் நுனியும் ஐந்து விதமாக அழுத்தும். சாய்வாக ஒளி விழும்போது விரல்களின் தடம் பூச்சிலே தெரிவதுண்டு. கையினாலேயே மினுக்க விரும்புவோர் துணியைச் சிறு நுரைப்பஞ்சுக் கட்டையிற் சுற்றிக்கொண்டு தேய்த்தால் இக்குறை பெரிதும் குறையும்.

கையோடு பொறி போட்டியிட்ட வரலாறு மோட்டார் வண்டியிலும் பழையது. யுரேனசுக் கோளை 1781இற் கண்டுபிடித்த வில்லியம் ஹேர்ஷல், தமது தொலைநோக்கிகளுக்கு வேண்டிய உலோக ஆடிகளைத் தாமே கையினால் மினுக்கியவர். ஒரு முறை பதினாறு மணித்தியாலம் ஆடியிலிருந்து கையை எடாமலே மினுக்கிக்கொண்டிருந்தார் என்றும், தான் பக்கத்தில் இருந்து உணவைச் சிறிது சிறிதாக அவர் வாயில் ஊட்டினார் என்றும் அவருடைய தங்கை கரோலின் எழுதியிருக்கின்றார். தங்கையரின் பொறுமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. ஆனால் நாற்பது அடித் தொலைநோக்கிக்கென, நான்கு அடி அகலமான ஆடியைச் செய்யத் தொடங்கியபோது அதே ஹேர்ஷல் மினுக்குவதற்கு ஒரு பொறியை அமைத்துக்கொண்டார். அயர்லாந்தில் 1845இல் ஆறடி ஆடியைக் கொண்டு விண்ணைப் பார்த்த ரோஸ் பிரபு அந்த வேலைக்கு நீராவி இயந்திரத்தையே பூட்டினார். கையின் அருமையை அறிந்தவர்களே கையின் எல்லையையும் முதலில் அறிந்தனர்.

பொறி என்று பொதுவாகச் சொல்கின்றோம். அதில் இரண்டு சாதிகள் உண்டு. வேறுபாட்டை அறியாமல் வாங்குவோரே பின்னர் வருந்துவோர். முதலாவது, தட்டு ஒரே அச்சிலே நின்று சுழலும் பழைய வகை. நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்று வரை ஓடும். பெரும் பலம் உடையது. அது ஓரிடத்தில் ஓரிரு விநாடி அதிகமாக நின்றுவிட்டால் அங்கே வெப்பம் ஏறிப் பூச்சு இளகிக் கருகும். பம்பர் போன்ற பிளாஸ்ரிக் உறுப்புகளில் இவ்வாபத்து இன்னும் அதிகம். இரும்பைப் போல அவை வெப்பத்தைக் கடத்திவிடுவதில்லை. கதவின் விளிம்பு, பொனெற்றின் ஓரம் முதலிய இடங்களிற் பூச்சே மெல்லிதாக இருக்கும், தட்டின் பாரமும் அங்கேயே குவியும். வர்ணம் போய் இரும்பு தெரிவது பெரும்பாலும் அவ்விடங்களிலேயே. தேர்ந்த தொழிலாளி ஒருவர் இப்பொறியைப் பிடித்தால் பார்ப்பதற்கே அழகு. பொறி அவர் கையில் மிதந்து செல்லும். தேராதவர் பிடித்தால் அது அவரை இழுத்துச் செல்லும்.

இரண்டாவது வகையில் தட்டு தன்னைத் தானே சுற்றுவதோடு, மையம் விலகிய சிறு வட்டத்திலும் ஓடும்; பூமி தன்னைச் சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவது போல. தூள் ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் ஓடாமையால் வெப்பம் மெதுவாகவே ஏறும். இவ்வகையிற் பலவற்றில், கையை ஊன்றி அதிகமாக அழுத்தினாற் சுழற்சி தானாகவே நின்றுவிடும், அதிர்வு மாத்திரம் எஞ்சும். அந்த நிறுத்தம் கற்றுக்குட்டிக்கு ஒரு காவல். ஆழ்ந்த கீறலை நீக்க இது நேரம் எடுக்கும். ஆனால் வீட்டில் ஒருவர் வாங்குவதாயின் இதனையன்றி மற்றதை வாங்கக்கூடாது என்பது நமது உறுதியான அபிப்பிராயம். மருமகனார் வாங்கி வந்தது எது என்று பார்த்தோம். நல்ல காலம், அது இரண்டாவது சாதி.

ஆகவே நமது தீர்ப்பு: மொறிஸ் மைனருக்குக் கை, யப்பானிய வண்டிக்குப் பொறி, ஆயினும் அந்த யப்பானிய வண்டியிலும் விளிம்புகளுக்கும் கதவுப் பிடியின் குழிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் கைதான். மாணவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி மட்டும் இன்னும் நிற்கின்றது. அந்தக் கீறல்கள் எங்கிருந்து வந்தன?

கறுப்பு வண்டி ஒன்றை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சூரியனுடைய பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாக நுண்ணிய கோடுகள் தெரியும். வட்டமாகத் துடைத்ததனால் வந்த வினை என்று பலர் சொல்வர். உண்மையிற் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிப்புள்ளியைச் சுற்றி வட்டமாக அமைந்தவை மட்டுமே ஒளியை நமது கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை அதனை வேறு பக்கம் அனுப்பிவிடுகின்றன. தலையை ஓர் அடி நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகர்வதைக் காணலாம். இதனைப் பரீட்சித்துப் பார்க்க மோட்டார் வண்டி வேண்டியதில்லை. நாட்பட்ட எவர்சில்வர் தட்டு ஒன்றும் மின்சூள் ஒன்றும் போதும். தெருவிளக்குக்கு முன்னே நிற்கும் மரத்தின் ஈரமான சுள்ளிகள் விளக்கைச் சுற்றிக் கூடு கட்டினாற்போலத் தோன்றுவதும் இதே நியாயத்தினால்.

இக்கீறல்களிற் பெரும்பங்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையிலேயே விழுகின்றது. வண்டியிற் படிந்த புழுதியில் மணற் பொடி உண்டு. அது சாதாரணக் கத்தி இரும்பையும் கீறவல்லது. அந்தப் புழுதியின் மேல் உலர்ந்த துணியைப் போட்டு இழுத்தாலும், இறகுத் துடைப்பத்தால் விசிறினாலும், மண்ணெண்ணெய் நனைத்த சீலையால் வழித்தாலும், நாம் செய்வது அரத்தாள் கொண்டு தேய்ப்பதே. முதலிற் தண்ணீரை ஊற்றிப் புழுதியை ஓடவிடுதல் வேண்டும். பின்னர் இரண்டு வாளி: ஒன்றிற் சவர்க்கார நீர், மற்றதில் வெறுந் தண்ணீர். பஞ்சை ஒவ்வொரு தடவையும் வெறுந் தண்ணீரில் அலசிவிட்டே சவர்க்கார நீரில் இடுதல் வேண்டும். கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவுக. சில்லுகளைத் துடைத்த துணி மேலே ஏறக்கூடாது. பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தவிர்ப்பது நல்லது. அது பூசிய மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். இப்படிக் கழுவும் வீட்டில் மினுக்கும் பொறிக்கு ஆண்டில் ஒரு நாள் வேலை இருந்தாலே அதிகம். பல ஆண்டுகள் வேலையே இல்லாமலும் போகலாம்.

இவ்வளவு சிக்கனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நமது நாட்டு நிலைமையே விடை. தனியார் பாவனைக்கான வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் வரி மலை போல் நிற்கின்றது. நடுத்தரக் குடும்பம் ஒன்று வாங்கும் வண்டி, பெரும்பாலும் அந்தக் குடும்பம் வாங்கும் கடைசி வண்டி; வெளிநாட்டிலிருந்து அண்ணனோ அக்காவோ அனுப்பிய பணமும் அதிற் கலந்திருக்கும். மகனுக்கும் பேரனுக்கும் போக வேண்டிய வண்டியின் அரை மயிர்த் தடிப்பை, கலியாண வீட்டுக்குப் போகும் ஒரு நாள் மினுக்கத்துக்காகச் செலவிடுவது தகுமா என்று வண்டியின் சொந்தக்காரர் தாமே எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்த ஒரு நாள் மினுக்கத்தில் ஒரு மாயமும் உண்டு. சில பசைகளில் எண்ணெயும் நிரப்பும் பொருள்களும் கலந்திருக்கும். அவை கீறலின் பள்ளத்திற் போய் உட்கார்ந்து அதனை மறைக்கும். கடையிலிருந்து வண்டி வரும்போது கீறல் ஒன்றும் இராது. நாலைந்து தடவை கழுவியதும், போன விருந்தாளிகள் திரும்பி வந்தாற்போல எல்லாக் கீறல்களும் வந்து நிற்கும். பூச்சு கழியவில்லையே என்று அதிலும் ஒரு நன்மை காணலாம். ஆனால் 'கீறலை எடுத்தோம்' என்று சொல்லிக் காசு வாங்கினால் அது வேறு பேச்சு. சிலிக்கன் எண்ணெய் கலந்த பசைகள் இன்னொரு தொல்லையையும் தரும்; பின்னொரு நாள் வர்ணம் பூசும்போது அவ்வெண்ணெய் பட்ட இடங்களிற் பூச்சு ஒட்டாமல் மீன்கண் போலக் குழிகுழியாக விலகிவிடும்.

வண்டியைக் கடைக்கு அனுப்புவோர் கடையின் பலகையைப் பாராமல் கடைப் பையன்களின் வேலையைப் பார்க்கவேண்டும். நன்றாகக் கழுவிய பின்னரே பொறியை எடுக்கின்றனரா? விளிம்புகளுக்கும் இரப்பர்ப் பட்டிகளுக்கும் காகித நாடா ஒட்டுகின்றனரா? வண்டி முழுவதிலும் பாய்வதற்கு முன், ஒரு சாண் இடத்தில் மென்மையான பசையை முதலிற் சோதித்துப் பார்க்கின்றனரா? பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவி இருக்கின்றதா? முன்னைய வண்டியின் அழுக்கு ஏறிய தட்டோடு, கொதிக்கும் வெயிலில் நிற்கும் கூரையில் நேரே தொடங்குவார்களாயின், திறப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வருவதே உத்தமம். ஆனால் பழியை முழுவதும் அந்தப் பையன்கள் மேற் போடுவதும் நியாயமன்று. நாள் முழுவதும் அதிரும் பொறியைத் தூக்கிப் பிடித்து, பறக்கும் தூளை மூச்சில் வாங்கி வேலை செய்பவர்கள் அவர்கள். 'இன்னும் ஒரு மணித்தியாலத்தில் வேண்டும்' என்று அவசரப்படுத்துபவர்கள் நாமே. நல்ல முறையில் ஒரு வண்டியை மினுக்க ஒரு முழு நாள் செல்லும். அந்த நாளுக்குரிய கூலியைக் கொடுக்க மனமில்லாதவர், வண்டியைக் கழுவி மெழுகு பூசுவதோடு நின்றுவிடலாம்.

வீட்டிற் செய்வோர் காலை ஆறரை மணிக்கோ, வெயில் தாழ்ந்த பின்னரோ, நிழலிலே தொடங்குக. தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருத்தல் வேண்டும். சூடான தகட்டிற் பசை உடனே காய்ந்து இறுகும். மின்கம்பியைத் தோளின் மேலாகப் பின்னே விட்டுக்கொள்க. தரையிலே கிடக்கும் கழுவிய தண்ணீரும் 230 வோற்று மின்சாரமும் ஒன்றையொன்று சந்திக்க விடலாகாது. சட்டையின் தொங்கும் நுனி, கழுத்துச் சங்கிலி, மோதிரம் ஆகியவற்றை வீட்டுக்குள் வைத்துவிட்டு வருக. பிள்ளைகள் பார்க்கலாம், தூரத்தில் நின்று.

மினுக்கி முடிந்த பின்னர் மெழுகு. இதுதான் உண்மையிற் பூசிச் சேர்ப்பது. வண்டி மெழுகுகளிற் புகழ்பெற்றது கார்னோபா மெழுகு. அது எங்கிருந்து வருகின்றது என்று அறிந்தால் நமது வடபகுதியார் மகிழ்வர். பிரேசில் நாட்டின் வடகிழக்கிலே, வறண்ட நிலத்தில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து அது கிடைக்கின்றது. நமது பனையின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். ஓலையும் விசிறி போன்றதே. வெயிலில் நீரை இழந்துவிடாதிருக்க அம்மரம் தன் ஓலையின் மேல் மெழுகைப் பூசிக்கொள்கின்றது. ஓலையை வெட்டி உலர்த்தி அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகிவிடும். கார்னோபா மெழுகு 82 பாகைக்கு மேலேதான் உருகும். வெயிலில் நின்ற கறுப்பு வண்டியின் கூரையிற் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த இருபது பாகையின் அருமை தெரியும். பிள்ளைகள் தின்னும் சில மிட்டாய்களின் பளபளப்பும் இதே மெழுகினால் வந்ததே. இப்பொழுது செயற்கை முறையிற் செய்த பூச்சுகளும் வந்து, நீண்ட நாள் நிற்கின்றன. பனையின் மேலுள்ள பாசம் காரணமாக நாம் அவற்றைப் பழிக்கவில்லை.

மெழுகு பூசுவதிற் பொறிக்கு எந்த மேன்மையும் இல்லை. இங்கே தேய்த்துக் கழிப்பது ஒன்றும் இல்லை. மெல்லிதாகப் பரப்பினாற் போதும். மென்மையான துணியிற் சிறிதளவு எடுத்து, ஒரு கதவு முடிந்தபின் மறு கதவு என்று நேர்கோடாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் வேறொரு சுத்தமான துணியால் எடுத்துவிடவேண்டும். தடிப்பாகப் பூசினால் நன்மை கூடாது, துடைக்கும் வேலைதான் கூடும். மெழுகு இன்னும் இருக்கின்றதா என்று அறிய மழை பெய்யும்போது பார்க்கலாம்: நீர் உருண்டு முத்தாக நின்றால் இருக்கின்றது, பாயாக விரிந்து கிடந்தாற் போய்விட்டது. கடற்காற்றும் காகத்தின் எச்சமும் மாமரத்துப் பிசினும் உள்ள முற்றத்தில் நிற்கும் வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மெழுகு பூசுதல் நல்லது. எச்சம் விழுந்தால் ஞாயிறு வரை காத்திராது அன்றே நனைத்து ஊறவிட்டு எடுத்துவிடுக. காய்ந்ததைச் சுரண்டினால் அதுவும் ஒரு கீறல்.

மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிக்கு என்ன செய்வது என்று அந்த வீட்டு இளைய மகன் நம்மைக் கேட்டான். சிறியது, வளைந்தது, எங்கும் விளிம்பு. அது முழுவதும் கைக்குரியது. ஒன்று மட்டும் அவனுக்குச் சொல்லி வைத்தோம். துடைக்கும் துணி கை தவறி மண்ணிலே விழுந்தால், உதறிவிட்டு மீண்டும் எடுக்கக்கூடாது. அன்று அந்தத் துணி சில்லுக்கு.